கப்பல் யாருடையது? தலைமையும் கூட்டு நோக்கமும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக இந்த வார்த்தைகளைத் தொடங்குகிறேன்.



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவியின் கீழே மக்கள் தோளோடு தோள் உரசி நிற்பதைப் பார்க்கிறோம். வெள்ளிக்கிழமை நம் பள்ளியிலும் தோளோடு தோள் சேர்த்துத்தான் நிற்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் கூட்டம்தான். ஆனால் அருவியின் கீழே நிற்கும் ஒவ்வொருவரும் தன் தலையில் தண்ணீர் விழ வேண்டும் என்று வந்தவர். பக்கத்தில் நிற்பவர் யார், எதற்காக வந்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தொழுகையின் ஸஃப் அப்படிப்பட்டதல்ல. அங்கே எல்லோருக்கும் ஒரே கிப்லா. இமாம் மறந்தால் பின்னால் நிற்பவர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லி நினைவூட்டுகிறார். இமாமுக்கு உளூ முறிந்தால் பின்னாலிருந்து ஒருவர் முன்னே வருகிறார், தொழுகை தொடர்கிறது.

ஒரு கூட்டம் எப்போது ஜமாஅத் ஆகிறது? பத்துப் பேர் வேலை செய்யும் கடையாகட்டும், மதரஸாவாகட்டும், ஊர் நிர்வாகமாகட்டும், அதில் இருப்பவர்கள் எப்போது 'அவர்களுடையது' என்று சொல்வதை விட்டு 'நம்முடையது' என்று சொல்லத் தொடங்குகிறார்கள்? ஒரு தலைவர் தன் நெஞ்சில் இருக்கும் நோக்கத்தை இன்னொருவர் நெஞ்சில் வைக்க முடியுமா? இன்று இதைத்தான் நாம் சிந்திக்கப் போகிறோம்.

நம் மண்ணுக்கு அருகில் ஓடிய ஒரு கப்பல்

செங்கோட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வாஞ்சிநாதன் பெயர் நினைவுக்கு வரும். அவர் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, தானும் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் இளைஞனுக்குத் திருநெல்வேலிக் கலெக்டர் மீது ஏன் அவ்வளவு கோபம்? அதன் பல காரணங்களில் ஒன்றைத் தேடிப் போனால் நாம் தூத்துக்குடித் துறைமுகத்தில் போய் நிற்போம். அங்கே ஒரு கம்பெனி நசுக்கப்பட்டிருந்தது. அது நசுக்கப்பட்ட காலத்தில் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் அதே ஆஷ்.

வாஞ்சிநாதனின் துப்பாக்கியைப் பற்றி வரலாறு பேசட்டும். நாம் பேச வேண்டியது அந்தக் கம்பெனியைப் பற்றி. ஏனென்றால், அந்தத் துப்பாக்கி ஓர் உயிரை எடுத்தது, சுட்டவரின் உயிரும் போயிற்று. நின்றுபோன கப்பலை அது மீண்டும் கடலில் ஓட வைக்கவில்லை. அதே 1911-ல் அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது.

ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பதிவு செய்த 'சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி'தான் அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவது ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் தனி உரிமை போல இருந்த காலம். நம் வணிகர்களின் சரக்கும், இலங்கைக்குப் பிழைக்கப் போன நம் ஏழைகளும் அந்தக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை. அப்போது பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்து, நமக்கென்று ஒரு கப்பல் கம்பெனி தொடங்கலாம் என்று அவர் புறப்பட்டார். முதலில் வாடகைக் கப்பல் எடுத்தார்கள். எதிர்க் கம்பெனியின் நெருக்கடியால் வாடகைக்குத் தந்தவர்கள் பின்வாங்கினார்கள். வ.உ.சி. பம்பாய் வரை போனார், கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் எதிர்க் கம்பெனி, எங்கள் கப்பலில் இலவசமாக வாருங்கள், குடையும் தருகிறோம் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். அப்படியும் மக்கள் காசு கொடுத்து சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். சகோதரர்களே, கையில் காசில்லாத ஓர் ஏழை இலவச டிக்கெட்டை விட்டுவிட்டுக் காசு கொடுத்து ஏறுகிறான் என்றால், அவன் வாங்குவது கொழும்புக்கு ஒரு பயணம் மட்டுமா?

நிய்யத் என்பது தலைவருக்கு மட்டும் உரியதல்ல

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்ற கருத்துள்ள, உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். இமாம் புகாரி தம் நூலை அந்த ஹதீஸைக் கொண்டே தொடங்குகிறார். அதன் பிற்பகுதியைக் கவனியுங்கள். இரண்டு பேர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் போகிறார்கள். அதே பாதை, அதே வெயில், அதே ஒட்டகம். ஒருவர் அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் போகிறார். மற்றவர் உலக ஆதாயத்துக்காகவோ ஒரு திருமணத்துக்காகவோ போகிறார். கால்கள் நடந்த தூரம் ஒன்றுதான். போய்ச் சேர்ந்த இடம் வேறு.

வேலை வாங்குவது ஒரு தலைவருக்குக் கஷ்டமில்லை. சம்பளம் கொடுத்து வாங்கலாம், பயமுறுத்தி வாங்கலாம். கால்கள் நடந்துவிடும். ஆனால் நிய்யத்தை வாங்க முடியாது. அது இதயத்தின் வேலை. இதயம் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஆகவே ஒருவர் நோக்கத்தை இன்னொருவர் நெஞ்சில் திணிக்க முடியாது. அது விளைவதற்குரிய நிலத்தைப் பண்படுத்தத்தான் தலைவரால் முடியும். எப்படிப் பண்படுத்துவது? நான்கு விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது: பங்கு கொடுப்பது

கம்பெனியின் மூளையும் முயற்சியும் வ.உ.சி. என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் தலைவர் அவர் அல்ல. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர். அவர் மட்டும் 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு ஹாஜியாருடையது. எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்த வ.உ.சி.க்கு இருந்த பதவி உதவிச் செயலாளர்.

இதை இன்று நம் நிறுவனங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாற்காலிக்காக எத்தனை ஊர்களில் ஜமாஅத் இரண்டாகியிருக்கிறது? ஒருவர் பேரை நோட்டீஸில் முன்னால் போடவில்லை என்பதற்காக எத்தனை நல்ல காரியங்கள் நின்றுபோயிருக்கின்றன? நோக்கம் பெரியது என்று உண்மையிலேயே நம்புகிறவருக்கு நாற்காலி சிறியதாகத் தெரியும். தலைவர் தன் பதவியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாரோ, அவ்வளவுக்கு மற்றவர்கள் இது அவருடைய காரியம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

வேறு சமயத்தவரோடு சேர்ந்து ஒரு பொதுக் காரியத்தில் அந்த ஹாஜியார் இறங்கியதில் நமக்கு வியப்பில்லை. நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதற்காகச் செய்யப்பட்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்த பின்னரும் அப்படி ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் வருவேன் என்ற கருத்தில் அதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார்கள். காரியம் நியாயமானது என்றால் அதில் கைகோக்க முஸ்லிம் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது: கீழ்த்தளத்தின் தாகத்தைக் கேட்பது

நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரியில் இடம்பெற்ற ஒரு ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகச் சொல்கிறார்கள். சீட்டுக் குலுக்கி இடம் பிடித்ததில் சிலருக்கு மேல்தளம் கிடைத்தது, சிலருக்குக் கீழ்த்தளம். கீழே இருப்பவர்கள் தண்ணீர் எடுக்க வேண்டுமானால் மேலே இருப்பவர்களைக் கடந்துதான் போக வேண்டும். நாம் ஏன் மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டும், நம் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று அவர்கள் நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்பது அந்த ஹதீஸின் கருத்து.

தீமையைத் தடுப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஹதீஸைச் சொல்கிறோம். அதில் இன்னும் ஒரு பாடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் கப்பலைக் கவிழ்க்க நினைக்கவில்லை. அவர்களுக்குத் தாகம் இருந்தது, அது நியாயமான தாகம். ஒவ்வொரு முறையும் மேலே போய் மற்றவர்கள் முகத்தில் விழிக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம்தான் 'நம் பகுதி' என்ற எண்ணத்தை அவர்களிடம் உண்டாக்கியது. கப்பல் முழுவதும் தம்முடையது என்ற உணர்வு போய், தாங்கள் இருக்கும் மூலை மட்டும் தம்முடையது என்று ஆகிவிட்டது. ஓட்டை போடும் கையைப் பிடிப்பது மேல்தளத்தின் கடமை. அந்தத் தாகத்தை முன்கூட்டியே கேட்டு, தண்ணீருக்கு வழி செய்து கொடுப்பதும் கடமைதானே?

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, வார விடுமுறை இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கப்பல் கம்பெனி நடத்துகிறவருக்கு நூல் ஆலையில் என்ன வேலை என்று கேட்கலாம். தேசத்தின் கப்பல் என்று மேடையில் பேசிவிட்டு, அந்தத் தேசத்தின் கீழ்த்தளத்தில் தாகத்தோடு இருந்தவனை மறந்திருந்தால் அந்தப் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்? நிதி திரட்டி அந்தக் குடும்பங்களுக்கு உணவுக்கு வழி செய்தார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதனால்தான் மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. கடைகள் மூடின. சவரத் தொழிலாளர்களும் குதிரை வண்டிக்காரர்களும் வேலையை நிறுத்தினார்கள். பங்குப் பத்திரம் வாங்கப் பணமில்லாத அவர்கள் தங்கள் ஒரு நாள் கூலியைப் பங்காகப் போட்டார்கள்.

மூன்றாவது: சொல்லுக்கு முன் செயல்

ஹுதைபிய்யா உடன்படிக்கை ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு நடந்தது. உம்ரா செய்ய வந்தவர்கள் மக்காவுக்குள் போகாமலே திரும்ப வேண்டும் என்று முடிவானது. ஸஹாபாக்களின் மனம் உடைந்திருந்தது. குர்பானி கொடுத்துத் தலைமுடியைக் களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மூன்று முறை சொல்லியும் யாரும் எழவில்லை. உயிரையே தரத் தயாராக இருந்தவர்கள் அவர்கள், கீழ்ப்படியாமை அவர்கள் குணமல்ல. என்ன நடக்கிறது என்று புரியாத வேதனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் சென்று தம் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னார்கள். யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே சென்று நீங்களே குர்பானி கொடுங்கள், நீங்களே முடியைக் களைந்துகொள்ளுங்கள் என்பது அந்த அம்மையார் கொடுத்த ஆலோசனை. நபி (ஸல்) அவர்கள் அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். ஒரு நபிக்கு ஒரு பெண் ஆலோசனை சொல்கிறார், நபி அதை ஏற்கிறார். மனம் உடைந்த கூட்டத்தின் முன் நான்காவது முறையாகக் கட்டளையிடாமல் தாமே முதலில் செய்கிறார். கந்தக் போரில் அகழி தோண்டியபோதும் இதுதான் நடந்தது. பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்கள் தந்த யோசனை அது. கடினமான பாறை ஒன்று குறுக்கிட்டபோது, பசியால் வயிற்றில் கல் கட்டியிருந்த நிலையில் நபி (ஸல்) அவர்களே இறங்கி அதை உடைத்தார்கள். தன்னோடு சேர்ந்து தலைவரும் பசித்திருக்கிறார் என்று தெரிந்தவனுக்கு நோக்கத்தைப் பற்றி நீண்ட பிரசங்கம் தேவையில்லை.

தொழிலாளியிடம் "இது உன் கம்பெனி மாதிரி நினைச்சு வேலை செய்" என்று சொல்லும் முதலாளிகளே! லாபம் வரும்போது அது உங்கள் கம்பெனியாகவும், வேலை வரும்போது மட்டும் அவனுடைய கம்பெனியாகவும் இருந்தால், அவன் அதை எப்படி நம்புவான்?

நான்காவது: தோற்ற பிறகும் மஷூரா

உஹதுப் போருக்கு முன் மதீனாவுக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. இளைஞர்கள் வெளியே போய்ச் சந்திப்போம் என்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றார்கள். போரில் குன்றின் மேல் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளிகளில் பெரும்பாலோர், வெற்றி வந்துவிட்டது என்று எண்ணிக் கனீமத்துக்காக இறங்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில் எதிரிகள் புகுந்தார்கள். எழுபது பேர் ஷஹீதானார்கள்.

நம்மில் ஒரு நிர்வாகியாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 'உங்களிடம் யோசனை கேட்டதுதான் தப்பு, இனி நான் சொல்வதுதான் முடிவு' என்றிருப்போம். ஆனால் அந்தப் போரை அடுத்து இறங்கிய ஆலு இம்ரான் சூராவின் 159-ஆம் வசனத்தில் அல்லாஹ் தன் தூதருக்கு என்ன கற்றுக்கொடுக்கிறான்? அவர்களிடம் மென்மையாக நடந்துகொண்டது அல்லாஹ்வின் ரஹ்மத் என்று நினைவூட்டி, அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்கவும், மீண்டும் அவர்களோடு கலந்தாலோசிக்கவும் சொல்கிறான். கடுகடுப்பாக இருந்திருந்தால் அவர்கள் கலைந்து போயிருப்பார்கள் என்றும் உணர்த்துகிறான். வஹீ வந்துகொண்டிருந்த நபிக்கே மஷூரா கட்டளையிடப்பட்டது என்றால், நமக்கு எந்தச் சலுகையும் இல்லை.

ஒன்றுபட்டுவிட்டால் மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கூட்டம் ஒரே நோக்கத்தோடு இருக்கிறது என்பதால் அந்த நோக்கம் நல்லதாகிவிடாது. மதீனாவில் சிலர் ஒற்றுமையாகச் சேர்ந்து ஒரு பள்ளிவாசலே கட்டினார்கள். ஏழைகளுக்கும் மழைக்கால இரவுகளில் வர முடியாதவர்களுக்கும் உதவுவதற்காக என்று காரணமும் சொன்னார்கள். ஆனால் அது மூமின்களைப் பிரிப்பதற்காகக் கட்டப்பட்டது என்று தவ்பா சூராவில் அல்லாஹ் வெளிப்படுத்தினான். அதில் நிற்கவும் கூடாது என்று நபிக்குத் தடை வந்தது. பெயர் மஸ்ஜிதுதான். கட்டியவர்களிடம் ஒற்றுமையும் இருந்தது. நோக்கம்தான் கெட்டிருந்தது.

ஆகவே ஒவ்வொரு நிறுவனத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி, நாம் ஒன்றாக இருக்கிறோமா என்பதோடு முடியாது. எதற்காக ஒன்றாக இருக்கிறோம் என்றும் கேட்க வேண்டும். யாரோ ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் ஒன்றுசேர்ந்த கூட்டம், அந்த எதிரி போன மறுநாள் தனக்குள் ஓர் எதிரியைத் தேடும். இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்காவது தைரியம் இருக்கிறதா, கேட்டால் அவரைத் துரோகி என்று சொல்லாமல் இருப்பார்களா என்பதே நல்ல கூட்டத்தின் அடையாளம்.

தலைவர் இல்லாத நாள்

இப்போது அந்தக் கப்பலின் முடிவுக்கு வருவோம். 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் நாற்பது ஆண்டுகள் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் அவரைக் கொடுமைப்படுத்தினார்கள். மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுக்க வைத்தார்கள். வெளியே கம்பெனி தள்ளாடியது. அதிகாரத்தின் நெருக்கடி, எதிர்க் கம்பெனியின் பண பலம், பங்குதாரர்களின் அச்சம் எல்லாம் சேர்ந்தன. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்துத் தொடங்கினார்களோ, அந்தக் கம்பெனிக்கே காலியா கப்பல் விற்கப்பட்டது. 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையாகி வெளியே வந்தபோது கடலில் அவருடைய கப்பல் இல்லை.

அந்தப் பங்குதாரர்களை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது எளிது. ஒரு பேரரசு எதிரில் நிற்கும்போது நாம் என்ன செய்திருப்போம் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். ஆனாலும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பங்கு எல்லோரிடமும் இருந்தது. தூக்கிச் சுமக்கும் நோக்கம் கடைசிவரை பெரும்பாலும் ஒருவர் தோளில் இருந்தது. அவர் தோள் செக்குக்குப் போனதும் பங்குப் பத்திரம் வெறும் பணக் கணக்காக மாறிவிட்டது.

இதோடு மதீனாவின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தான நாள். உமர் (ரலி) போன்ற மலையே அதை நம்ப மறுத்தது. அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து மக்கள் முன் நின்றார்கள். முஹம்மதை வணங்கியவருக்கு அவர் மரணித்துவிட்டார், அல்லாஹ்வை வணங்கியவருக்கு அல்லாஹ் என்றும் உயிரோடு இருக்கிறான் என்ற கருத்தை எடுத்துச் சொன்னார்கள். முஹம்மதும் ஒரு தூதரே, அவர் இறந்துவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடுவீர்களா என்று கேட்கும் ஆலு இம்ரானின் 144-ஆம் வசனத்தை ஓதினார்கள். உமர் (ரலி) அவர்களின் கால்கள் அவர்களைத் தாங்கவில்லை. உண்மை உள்ளே இறங்கிவிட்டது. பிறகு கலீஃபாவாக ஆனபோது அபூபக்ர் (ரலி) அவர்கள், நான் சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் என்னைத் திருத்துங்கள் என்ற பொருளில் மக்களிடம் பேசினார்கள்.

இது அந்த ஒரு நாளில் வந்த பலமல்ல. இருபத்துமூன்று ஆண்டுகள் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களின் இதயங்களைத் தம்மோடு மட்டும் கட்டிவைக்காமல் அல்லாஹ்வோடு கட்டிவைத்தார்கள். தாம் நோயுற்றபோது அபூபக்ரைத் தொழ வைக்கச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் தொடர்ந்தது. உமர் (ரலி) அவர்கள் ஃபஜ்ர் தொழுகையில் குத்தப்பட்டபோது, இரத்தம் வழிய, பின்னால் நின்ற அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து முன்னே நிறுத்தினார்கள். சுருக்கமாகத் தொழுகை முடிக்கப்பட்டது. கலீஃபா கீழே கிடக்கிறார், தொழுகை நிற்கவில்லை. ஸஃபில் இமாமுக்கு நேர் பின்னால் விளக்கமுள்ளவர்கள் நிற்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததன் அருமை அப்போது புரிகிறது.

தலைவர்களே, நீங்கள் எவ்வளவு பெரியவர் என்பதை நீங்கள் இருக்கும் நாள் சொல்லாது, நீங்கள் இல்லாத நாள்தான் சொல்லும். 'நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது' என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அது பெருமையல்ல. உங்களுக்குப் பின்னால் நிற்க யாரையும் நீங்கள் உருவாக்கவில்லை என்பதற்கு நீங்களே சொல்லும் சாட்சி அது.

நம் மஹல்லாவில் இதைப் பார்ப்போம்

செங்கோட்டை, தென்காசி, கடையநல்லூர், வடகரை என்று நம் பகுதி எங்கும் பள்ளிவாசல்கள் இருக்கின்றன, மதரஸாக்கள் இருக்கின்றன. வளைகுடாவில் வெயிலில் உழைத்து அனுப்பும் சந்தா இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றி, அதிலும் மிச்சம் பிடித்துப் பள்ளிக்குக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயிடம் போய், "அம்மா, நம்ம பள்ளியில் இந்த வருஷம் என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு என்னப்பா தெரியும், கமிட்டிக்காரங்களைக் கேளு" என்று பதில் வந்தால், அவர் பணம் கப்பலில் ஏறியிருக்கிறது, அவர் இன்னும் கரையில் நிற்கிறார்.

அதனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். வரவு செலவுக் கணக்கோடு சேர்த்து, இந்தப் பணத்தால் யாருக்கு என்ன நன்மை நடந்தது என்பதையும் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள். பெண்களின் கருத்தைக் கேட்க ஒரு வழி வையுங்கள், உம்மு ஸலமா (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்களிடம் நாற்காலி தூக்கும் வேலையை மட்டும் கொடுக்காமல், ஒரு முழுப் பொறுப்பைக் கொடுத்து, அதில் தவறினால் மன்னித்து, மீண்டும் கொடுங்கள். நம் பள்ளியின் கீழ்த்தளத்தில் இருப்பவர் யார் என்று பாருங்கள். ஐந்து வேளையும் பாங்கு சொல்லும் மோதினாருக்கு மாதச் சம்பளம் குடும்பம் நடத்தப் போதுமானதாக இருக்கிறதா? மக்தபில் நம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் உடம்பு சரியில்லாமல் போனால் யாரிடம் போவார்? அவர்களிடம் தியாகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்களின் தாகத்தைக் கேளுங்கள்.

பொறுப்பில் இல்லாத நமக்கும் தப்பிக்க வழியில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர்களே, உங்கள் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது முத்தவல்லிக்கு மட்டும் சொன்னதல்ல. டீக்கடையில் உட்கார்ந்து நிர்வாகத்தைக் குறை சொல்பவர் மஷூராக் கூட்டத்துக்கு வருவதில்லை. இமாம் மறந்தால் 'ஸுப்ஹானல்லாஹ்' சொல்ல வேண்டியது ஸஃபில் நிற்பவர்தான், தெருவில் நிற்பவர் அல்ல. ஸஃபுக்குள் வாருங்கள், பிறகு திருத்துங்கள்.

வீடும் ஒரு நிறுவனம்தான். அதற்கும் ஒரு தலைமை இருக்கிறது. வீட்டில் எதற்காகச் சம்பாதிக்கிறோம், எதற்காகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று என்றாவது மனைவி மக்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? பேசாவிட்டால் அவர்களும் நம் சம்பளத்தின் பயணிகளாக இருப்பார்கள், நம் நிய்யத்தின் பங்காளிகளாக இருக்க மாட்டார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் செயல்களைச் சீராக்குவதற்கு முன் எங்கள் நிய்யத்தைச் சீராக்குவாயாக. எங்கள் பொறுப்பாளர்களுக்கு மென்மையையும், கேட்கும் காதையும், பதவியைவிட நோக்கத்தைப் பெரிதாகக் காணும் கண்ணையும் தருவாயாக. எங்களில் கீழே இருப்பவரின் தாகத்தை மேலே இருப்பவருக்கு உணர்த்துவாயாக. எங்களுக்குப் பின் வருபவர்களை எங்களைவிடச் சிறந்தவர்களாக ஆக்குவாயாக. எங்கள் ஊரையும், எங்களோடு வாழும் எல்லாச் சமய மக்களையும் நன்மையில் ஒன்றுசேர்ப்பாயாக.

ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.